எங்க தாத்தாவும் ஒரு 'வடக்கன்'தான்

ஆணி அதிகமா இருக்கறதால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. இப்ப வந்திருக்கறதும் சந்தோஷத்துல இல்ல மக்களே, செம கடுப்புல. கொஞ்சம் நீளமான பதிவு. டீ கையில வச்சுக்கிட்டு படிங்க.

விஷயம் இதுதான். எங்க ஊர் வாட்ஸப் குரூப்புல ஒரு போட்டோ. புவனகிரி பக்கம் ஏதோ ஒரு வயல். பத்து பன்னெண்டு பசங்க வரிசையா குனிஞ்சு நாத்து நடறாங்க. கீழ ஒரு வரி: "நம்ம சோத்தையும் வடக்கன்கிட்ட குடுத்துட்டோம்." அதுக்குக் கீழ வரிசையா கைதட்டல். "இன்னும் பத்து வருஷத்துல ஊர் பேரையே மாத்திடுவானுங்க"ன்னு ஒருத்தர். "அடிச்சுத் தொரத்துனாத்தான் சரிப்படும்"னு இன்னொருத்தர்.

கைதட்டுனவங்க யாருன்னு பாத்தேன். பாதிப் பேரு துபாய், சிங்கப்பூர், டல்லாஸ்லேர்ந்து தட்டியிருக்காங்க. மீதிப் பேருல நாலஞ்சு வீட்டுத் தாத்தாக்கள் பர்மா, மலேயான்னு போயி மண்ணு வெட்டுனவங்க. அதுல எங்க வீடும் ஒண்ணு. அதனாலதான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடறேன். அடுத்தவன் நாட்டுல போயி நெல்லு நட்டுப் பொழைச்ச பரம்பரை நாம. நம்ம வயல்ல நட வந்தவனை 'வடக்கன்'னு சொல்ற யோக்கியதை உலகத்துல யாருக்கு இருந்தாலும் தென்னார்க்காட்டுக்காரனுக்குக் கிடையாது.

இனி கொஞ்சம் கொசுவத்தி.

எங்க கொள்ளுத்தாத்தா 1920கள்ல பர்மா போனவர். மேஸ்திரி முன்பணம் குடுப்பான், சென்னையில கப்பல் ஏத்துவான், மூணு நாலு நாள் மேல்தட்டுல வெயில்லயும் மழையிலயும் கிடந்தா ரங்கூன். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. ஏன்னா 1937 ஏப்ரல் 1 வரைக்கும் பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுல ஒரு மாகாணம். இன்னிக்கு வங்காளத்துலேர்ந்து ரயிலேறி ஒருத்தன் சிதம்பரத்துல இறங்கறானே, சட்டப்படி பாத்தா அதே மாதிரிதான். ஒரு மாகாணத்துலேர்ந்து இன்னொரு மாகாணம். அவ்ளோதான்.

அங்கே என்ன வேலை? ஐராவதி டெல்டா முழுக்க காடும் சதுப்பும். 1850கள்ல கீழ்பர்மாவுல நெல்லு வெளைஞ்சது பத்து லட்சம் ஏக்கருக்கும் கம்மி. 1930கள்ல 80 லட்சம் ஏக்கருக்கு மேல. ரெண்டாம் உலகப் போருக்கு முன்னாடி உலகத்துலயே அதிகமா அரிசி ஏத்துமதி பண்ண நாடு பர்மா, வருஷத்துக்கு சுமார் 30 லட்சம் டன். அந்தக் காட்டை வெட்டுனதுல பெரும்பங்கு பர்மியக் குடியானவங்களுடையது, அதை மறைக்கக் கூடாது. ஆனா நடவுக்கும் அறுப்புக்கும் மில்லுக்கும் மூட்டை தூக்கறதுக்கும் அலை அலையா போனது தமிழனும் தெலுங்கனும். பலர் சீசன் முடிஞ்சா திரும்பிடுவாங்க. சிலர் குத்தகைக்கு நிலம் புடிச்சு அங்கேயே தங்கிட்டாங்க. கொள்ளுத்தாத்தா ரெண்டாவது ரகம். பெகு பக்கம் ஒரு கிராமம். தாத்தா பொறந்தது அங்கேதான், 1934ல.

இதே காலத்துல உலகத்தோட இன்னொரு மூலையில என்ன நடந்ததுன்னு பாருங்க. எங்க ப்ராஜெக்ட்ல கனடாக்காரர் ஒருத்தர் இருக்கார், சாஸ்கட்சுவான் மாகாணம். அவரோட தாத்தா உக்ரைன்லேர்ந்து வந்து அந்தப் புல்வெளியில கோதுமை போட்டவர். கால் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கிடைச்சாப் போதும், தாத்தா கதையை ஆரம்பிச்சிடுவார். பெருமைன்னா அப்படி ஒரு பெருமை. இருக்கட்டும், நல்ல விஷயம். ஆனா அந்தப் பெருமைக்குப் பின்னாடி ஒரு காகிதம் இருக்கு. 1872ல கனடா ஒரு நிலச் சட்டம் போட்டுது. பத்து டாலர் கட்டு, 160 ஏக்கர் எடுத்துக்க, மூணு வருஷம் அங்கேயே இருந்து உழு, அப்புறம் நிலம் உன் பேருக்கு. அமெரிக்காவுல 1862லயே இதே 160 ஏக்கர் கணக்கு. அந்த மண்ணும் சும்மா கிடந்த மண்ணில்ல, அங்கே காலங்காலமா இருந்த பழங்குடிகளை ஒதுக்கித் தள்ளிட்டு எடுத்தது. ஆனாலும் இன்னிக்கு அந்தத் தாத்தாவுக்குப் பேரு 'முன்னோடி'. அருங்காட்சியகத்துல அவரோட கலப்பை இருக்கும்.

எங்க தாத்தாவும் மண்ணை நம்பித்தான் இருந்தார். அவரோட அப்பா கடல் தாண்டிப் போனவர்தான். அவங்களுக்குப் பேரு 'கூலி'. பர்மியர்கள் வச்ச பேரு 'கலா'. இந்தியன்னு அர்த்தம்னு சொல்லுவாங்க, ஆனா சொல்ற தொனியில காறித் துப்பற மாதிரி இருக்கும்னு தாத்தா சொல்லுவார்.

கோதுமைக்காரர் முன்னோடி, நெல்லுக்காரர் கூலி. வித்தியாசம் உழைப்புல இல்லீங்க. பட்டாவுல இருக்கு. ஒருத்தர் பேரை அரசாங்கம் எழுதி வச்சுது, இன்னொருத்தர் பேரை மேஸ்திரி மட்டும்தான் எழுதி வச்சான், அதுவும் கடன் நோட்டுல.

சரி, நம்மாளுங்க எல்லாம் அப்பாவி, பர்மாக்காரன் கெட்டவன்னு கதை முடிக்கலாமா? முடியாது. அங்கேதான் விஷயமே இருக்கு.

1931 கணக்கெடுப்புப்படி பர்மாவுல இந்தியர் 10 லட்சத்துக்கு மேல. ரங்கூன் நகரத்துல நூத்துக்கு 53 பேர் இந்தியர். அவங்க தலைநகர்ல அவங்களே சிறுபான்மை! ஆபீஸ்ல இந்தியன், போலீஸ்ல இந்தியன், துறைமுகத்துல இந்தியன், கடன் குடுக்கறவனும் இந்தியன். கீழ இறங்கி வயலுக்கு வந்தா, அதிகக் குத்தகை தர்றேன், கம்மி செலவுல குடும்பம் நடத்திக்கறேன்னு வந்து நிக்கற குத்தகைக்காரனும் இந்தியன். பர்மியக் குத்தகைக்காரனுக்கு எப்படி இருந்திருக்கும்? புவனகிரியில நூத்துக்கு 53 பேரு வெளியாளா இருந்தா நம்ம குரூப் என்ன ஆட்டம் ஆடியிருக்கும்னு யோசிச்சுக்குங்க.

1930ல உலகப் பொருளாதார மந்தம். நெல்லு விலை கிட்டத்தட்ட பாதியா விழுந்துது. கடன் கட்ட முடியல. செட்டியார் கடைக்கு ஈடு வச்ச நிலம் எல்லாம் கடைக்கே போச்சு. கீழ்பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல 1930ல செட்டியார்கள் கையில இருந்த நிலம் நூத்துக்கு 6. 1937ல நூத்துக்கு 25. ஏழே வருஷம். அவங்களும் நிலம் வேணும்னு போகல, அவங்களுக்கு வேண்டியது வட்டி. ஆனா நிலத்தை இழந்தவனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எதுக்கு?

இந்த ஆட்டத்துல உண்மையா ஜெயிச்சது யாரு? அரிசியை வாங்கி அரைச்சு ஏத்துமதி பண்ண ஸ்டீல் பிரதர்ஸ் மாதிரி வெள்ளைக்காரக் கம்பெனிகள். 1920கள்ல அவங்க கூட்டணி போட்டு நெல்லு கொள்முதல் விலையை அமுக்கினாங்க. அவங்க மேல கல்லெறிய முடியாது, துப்பாக்கி இருக்கு. கல்லு யாரு மேல விழுந்துது? 1930 மே மாசம் ரங்கூன் துறைமுகத்துல தெலுங்குக் கூலிகள் மேல. 1938 ஜூலையில மறுபடியும் கலவரம், இந்தியர் கடை, இந்தியர் குடிசை.

இங்கே நம்ம ஊர்க் கணக்கு ஒண்ணும் இருக்கு. 1929ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார். அவரோட வட்டித் தொழில் பர்மா, இலங்கைன்னு கடல் தாண்டிப் பரவியிருந்தது. சிதம்பரம், புவனகிரி சுத்து வட்டாரத்துல எத்தனையோ வீட்டுல முதல் பட்டதாரி அங்கே படிச்சவர்தான். அந்தச் செல்வத்துல பர்மா நெல்லும் ஒரு பங்கு. நெல்லு வெளைவிச்சவன் யாரு, வயலை இழந்தவன் யாருன்னு அந்தச் செங்கல்லுல எழுதியிருக்காது. பல்கலைக்கழகத்தைக் குறை சொல்லல. நம்ம படிப்பு வானத்துலேர்ந்து விழல, யாரோ பொலம்பெயர்ந்து குனிஞ்ச முதுகு மேல ஏறித்தான் வந்துதுன்னு ஞாபகம் இருக்கட்டும்.

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். 1941 டிசம்பர் 23 ரங்கூன்ல ஜப்பான் குண்டு போட்டுது. நாலஞ்சு லட்சம் இந்தியர் காடு மலை தாண்டி இந்தியாவுக்கு நடந்தாங்க. வழியில செத்தவங்க பத்தாயிரத்துலேர்ந்து ஐம்பதாயிரம் வரைக்கும்னு மதிப்பீடு. சரியான கணக்கு கிடையாது, கூலிக்கு யாரு கணக்கு வச்சா? எங்க வீட்ல நடக்கல. உழவு மாட்டை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு கொள்ளுத்தாத்தா தங்கிட்டாராம்.

1948ல பர்மாவுக்கு சுதந்திரம். அதே வருஷமும் 1953லயும் நில தேசியமயச் சட்டம். நிலத்தைப் பிரிச்சுக் குடுத்தது குடியுரிமை உள்ள பர்மியனுக்கு. தாத்தா பொறந்த மண்ணு, அவர் உழுத மண்ணு, ஆனா காகிதம் இல்ல. 1962ல நே வின் ராணுவ ஆட்சி. 1964ல கடைகள் எல்லாம் அரசாங்கத்துக்கு. அதே வருஷம் மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு ஒரே அறிவிப்பு. (நோட்டு செல்லாதுன்னா எப்படி இருக்கும்னு 2016க்கு அப்புறம் நமக்கும் யாரும் விளக்க வேண்டாம்.) அடுத்த சில வருஷத்துல சுமார் மூணு லட்சம் இந்தியர் கப்பலேறுனாங்க. நகை நட்டு கொண்டு வர விடல. தாத்தா 1965ல சென்னையில இறங்கும்போது அவருக்கு 31 வயசு.

அரசாங்கக் காகிதத்துல அவருக்குப் பேரு 'தாயகம் திரும்பியவர்'. எங்கேயிருந்து திரும்புனார்? அவர் இந்தியாவைப் பாத்ததே அன்னிக்குத்தான். பொறந்த ஊர்ல கலா, சொந்த ஊர்ல பர்மாக்காரர். புவனகிரியில வாரத்துக்கு நிலம் புடிச்சு மறுபடியும் நெல்லுதான் போட்டார். மாட்டைத் திட்டறது மட்டும் கடைசி வரைக்கும் பர்மிய பாஷையில. எங்க ஊர் மாட்டுக்கு என்ன புரிஞ்சுதோ தெரியல, ஒழுங்காத்தான் உழுதுது.

போதும், இப்ப நம்ம வயலுக்கு வருவோம்.

வீராணம் தண்ணி பாயற நிலத்துல இன்னிக்கு நட ஆளில்ல. ஏன் இல்ல? நம்ம பசங்க பொட்டி தட்டப் போயிட்டோம், இல்லாட்டி திருப்பூர், இல்லாட்டி வளைகுடா. போனது ஒண்ணும் தப்பில்ல. அப்பன் ஆத்தாளே "நீயாவது இந்தச் சேத்துல இறங்காதடா"ன்னுதான் அனுப்புனாங்க. காலியான இடத்துக்கு மேற்கு வங்காளம், பீகார்லேர்ந்து குழுவா வர்றாங்க. ஏக்கருக்கு இவ்வளவுன்னு பேசிக்கறாங்க, மோட்டார் கொட்டாயில தங்கறாங்க, கயிறு புடிச்சு வரிசையா நட்டுட்டு அடுத்த ஊருக்குப் போறாங்க. இவங்க மேல நம்மாளுங்க வைக்கற குத்தம் மூணு.

ஒண்ணு, கம்மிக் கூலிக்கு வந்து நம்ம பொம்பளைங்க வேலையைப் புடுங்கறான். நடவுங்கறது நம்மூர்ல பொம்பளைங்க வேலை, அந்தக் கூலி அவங்க கையில வந்த காசு. அது போச்சுன்னு அவங்க கோவப்பட்டா அந்தக் கோவத்துக்குக் காரணம் இருக்கு, நான் தலை வணங்கிக் கேக்கறேன். ஆனா ரேட்டு பேசி முடிச்சது யாரு? மால்டாவுலேர்ந்து வந்த இருபது வயசுப் பையனா? நிலம் வச்சிருக்கற நம்ம சித்தப்பா, பெரியப்பா. நடுவுல கமிஷன் எடுக்கறது ஏஜென்டு. கம்மி ரேட்டுல லாபம் பாத்தவனை விட்டுட்டு, கம்மி ரேட்டு வாங்குனவனைத் தொரத்தணுமாம். ரங்கூன்ல 1930ல நடந்தது அச்சு அசலா இதேதான்.

ரெண்டு, இந்தி வந்துடும். அய்யா சாமி, இந்தித் திணிப்பை எதிர்க்கறதுல நான் யாருக்கும் சளைச்சவனில்ல. 1965ல அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் சுட்டுச் செத்த மண்ணு இது. ஆனா திணிக்கறது டெல்லி. அதை டெல்லிகிட்ட கேளுங்க. முட்டிக்கால் சேத்துல நிக்கறவன் என்னத்தைத் திணிக்கப் போறான்? அதுவுமில்லாம வந்திருக்கறவன்ல நெறைய பேரு பேசறது வங்காளம். தாய்மொழிக்காக 1952ல டாக்காவுல உயிரைக் குடுத்தவங்க பேசுன மொழி. வடக்கேர்ந்து வர்றதெல்லாம் இந்தின்னு சொல்றவனுக்கும், தெற்கேர்ந்து போறவனெல்லாம் மதராசின்னு 1960கள்ல பம்பாயில கத்துனவனுக்கும் என்ன வித்தியாசம்?

மூணு, திருட்டு, கொலை, கஞ்சா எல்லாம் இவங்களாலதான். தப்பு பண்ணவனைப் புடிச்சு உள்ள போடுங்க, யாரு வேண்டான்னா? ஒருத்தன் பண்ணா ஊர் மொத்தத்துக்கும் பேரு வைக்கறதுதான் பிரச்சினை. 2023 மார்ச்சுல தமிழ்நாட்டுல பீகார்க்காரங்களைக் கொல்றாங்கன்னு போலி வீடியோ பரவுச்சு. பீகார்லேர்ந்து குழு வந்து பாத்துட்டுப் போச்சு. அப்ப "வந்தாரை வாழவைக்கும் தமிழகம்டா"ன்னு ஸ்டேட்டஸ் வச்ச அதே கைதான் இப்ப "அடிச்சுத் தொரத்து"ன்னு எழுதுது. வாழவைக்கறது ஸ்டேட்டஸ்ல மட்டும்தானா?

இனி என் இனத்துக்கு வர்றேன். அதாவது பொட்டி தட்டும் இனம். 2025 செப்டம்பர்ல, புது எச்1பி மனு ஒவ்வொண்ணுக்கும் ஒரு லட்சம் டாலர் கட்டணம்னு அமெரிக்க அதிபர் அறிவிச்சாரே, அன்னிக்கு நம்மாளுங்க வச்ச ஒப்பாரி இருக்கே! "நாங்க உழைக்கத்தானே வந்தோம்", "நாங்க வரி கட்டறோம்", "எங்களை மாதிரி வேலை செய்ய உங்க ஊர்ல ஆள் இருக்கா"ன்னு பக்கம் பக்கமா. ஒவ்வொரு வரியும் நியாயம். அந்த வரியெல்லாம் அப்படியே எடுத்து வங்காளத்துல மொழிபெயர்த்து நம்ம வயல் வரப்புல நட்டு வைங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டியதில்ல. டல்லாஸ்ல நாம 'திறமை', புவனகிரியில அவன் 'ஆக்கிரமிப்பு'. என்ன லாஜிக் இது? இந்த மாதிரி ஒரு கோடை எழுதிக் குடுத்தா டெஸ்டிங்ல முதல் நாளே திரும்பி வந்துடும்.

வெறும் திட்டோட முடிக்க விருப்பமில்ல. செய்ய வேண்டியது என்ன?

முதல் வேலை, பேரை எழுதறது. வேற மாநிலத் தொழிலாளிகளுக்குன்னு 1979ல ஒரு சட்டம் போட்டாங்க. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ கூட்டிட்டு வர்ற காண்ட்ராக்டர் லைசென்ஸ் எடுக்கணும், ஒவ்வொருத்தருக்கும் போட்டோ ஒட்டுன பாஸ்புக் குடுக்கணும், பயணப்படி குடுக்கணும்னு அதுல இருந்துது. அந்தப் பாஸ்புக்கை நம்ம வயக்காட்டுல கண்ணால பாத்தவங்க இருந்தா கை தூக்குங்க. 2020ல நிறைவேறுன தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள்ள அந்தச் சட்டம் போயிடுச்சு. சட்டத்துக்குப் பேரு என்னவா வேணா இருக்கட்டும், வர்றவன் பேரு, ஊரு, அவங்க வீட்டு நம்பர் பஞ்சாயத்துல இருக்கணும். நாளைக்கு மின்னல் தாக்கியோ பாம்பு கடிச்சோ செத்தா 'வடமாநில வாலிபர்'னு பேப்பர்ல போடாம பேரைப் போட முடியணும்.

ரெண்டாவது, ஒரே வேலைக்கு ஒரே ரேட்டு. வங்காளத்தானுக்கும் நம்மூர் அக்காவுக்கும் ஏக்கருக்கு ஒரே கூலி, ஏஜென்டு கையில இல்லாம அவங்கவங்க கையில. ரேட்டு சமமாச்சுன்னா அவனை வச்சு அக்காவோட கூலியைக் குறைக்க முடியாது, அக்காவைக் காட்டி அவனை அடிக்கவும் முடியாது. இதைக் கேட்டா நிலம் வச்சிருக்கற சொந்தக்காரங்க என் மேல பாயுவாங்கன்னு தெரியும். பாயட்டும்.

மூணாவது, அவன் ரேஷன் கார்டு நம்ம ஊர்க் கடையில செல்லணும். 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்துல தமிழ்நாடு 2020லயே சேந்தாச்சு. சேந்தது காகிதத்துல. கடைக்காரர் "உனக்கு இங்க இல்ல, போ"ன்னு சொல்லாம இருக்கணும், அவ்ளோதான்.

இது தர்மம் இல்லீங்க, தானமும் இல்ல. பர்மாவுல நம்ம ஆளுக்குக் கிடைக்காதது எல்லாம் இதுதான். பேரு பதிவாகல. ரேட்டு மேஸ்திரி கையில இருந்துது. நாப்பது வருஷம் ஒரு ஊர்ல நெல்லு நட்டும் "நீ யாரு"ன்னு கேட்டாங்க. 1982ல பர்மா புதுக் குடியுரிமைச் சட்டம் போட்டு, 1823க்கு முன்னாடியே அங்கே இருந்த இனத்தவங்கதான் முழுக் குடிமகன்னு சொல்லிடுச்சு. வராம அங்கேயே தங்கிட்ட தமிழன் பல பேருக்கு அந்தக் கேள்வி இன்னும் முடியல. பெகு, தாட்டோன், மௌலமைன் பக்கம் இன்னிக்கும் வயல்ல இருக்கான், முருகனுக்குக் காவடி எடுக்கறான், கையில பாதிக் குடியுரிமை. அவனுக்காக இங்கே உச்சுக் கொட்டறவன், சேத்தியாத்தோப்பு ரோட்டு ஓரம் சைக்கிள்ல போற வங்காளத்துப் பையனைப் பாத்து முறைச்சா, அந்த உச்சுக்கு மதிப்பு என்ன?

குரூப்புல இதைச் சுருக்கமா எழுதினேன். "நீ வேணா அவனுங்களை உங்க வூட்டுல வச்சுக்க"ன்னு பதில் வந்துது. வச்சுக்கறதுல எங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. இந்தச் சம்பாவுக்கு எங்க வாரத்து நிலத்தையும் நட்டது அவங்கதான். அப்பா மொத நாளே பேரெல்லாம் கேட்டு நோட்டுல எழுதிக்கிட்டார், பக்கத்து வயல் அக்காக்கள் வாங்கற ரேட்டையே குடுத்தார்.

டிஸ்கி: இது எந்தக் கட்சிக்கும் ஆதரவான பதிவு இல்ல. திட்டணும்னா தாராளமா திட்டுங்க, ஆனா திட்டறதுக்கு முன்னாடி உங்க வீட்டுப் பெருசுங்ககிட்ட ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க: "நம்ம தாத்தா எந்த ஊருக்குப் பொழைக்கப் போனாரு, அங்கே அவரை என்ன சொல்லிக் கூப்புட்டாங்க?"